நடையா, எடையா... எது குறைக்கும் தொப்பையை?

திருச்சி - சிதம்பரம் சாலையும் அரியலூர் - தஞ்சாவூர் சாலையும் சந்திக்கும் ஊர் கீழப்பழுவூர். ஒருபக்கம் சம்பந்தர் பாடிய ஆலந்துறையார் கோயில். இன்னொரு பக்கம் சிமென்ட் லாரிகளின் இரைச்சல். ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்கு, பழுவூர் என்றதுமே 64 விழுப்புண்களைச் சுமந்த பெரிய பழுவேட்டரையர் நினைவுக்கு வந்துவிடுவார். முதுமையிலும் திடகாத்திரமான மனிதராகத்தான் கல்கி அவரைப் படைத்திருக்கிறார்.

அரசர்களை விடுங்கள். இரண்டு தலைமுறைக்கு முன்பு இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் யாரும் தனியாக உடற்பயிற்சி செய்ததில்லை. கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்தார்கள். உரலில் குத்தினார்கள். அறுத்த கதிரைத் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்தார்கள். நடையும் இருந்தது, எடையும் இருந்தது. இன்றைக்குத் தண்ணீரை மோட்டார் ஏற்றுகிறது, மாவை கிரைண்டர் அரைக்கிறது, கடைத்தெருவுக்குப் போக வாசலில் டூவீலர் நிற்கிறது. உடம்பு செய்த இரண்டு வேலைகளும் ஒரே சமயத்தில் போய்விட்டன. அதனால்தான், ‘எடை குறைய நடக்கணுமா, வெயிட் தூக்கணுமா?’ என்ற கேள்வி நகரத்து ஜிம்மைத் தாண்டி டீக்கடை பெஞ்ச் வரைக்கும் வந்திருக்கிறது.

அப்பா கட்சி, மகன் கட்சி

கீழப்பழுவூரில் ஒரு வீட்டைக் கற்பனை செய்து பார்க்கலாம். அப்பாவுக்கு 50 வயது. சிமென்ட் ஆலையில் ஷிப்ட் வேலை. டாக்டர் சொன்னதிலிருந்து காலையில் அரை மணி நேரம் நடக்கிறார். மகன் திருச்சியில் கல்லூரி மாணவன். ஹாஸ்டல் பக்கத்தில் ஜிம்மில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. லீவுக்கு வந்தால் வீட்டில் பட்டிமன்றம்தான்.

“தினமும் நடந்தாலே போதும்டா தம்பி. இரும்பைத் தூக்கி இடுப்பு பிடிச்சுக்கிட்டா யாரு பாக்குறது?”

“நடந்தா எடை இறங்கும்ப்பா, ஆனா உடம்பு தளந்துபோயிடும். வெயிட் தூக்கினா தூங்குறப்பகூட கொழுப்பு கரையும்.”

இருவருக்கும் டீயை வைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்புகிறார் அம்மா. வயது 45. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. முட்டியில் வலி. அவர் நடப்பதும் இல்லை, எடை தூக்குவதும் இல்லை. ‘வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே’ என்று மற்ற இருவரும் முடிவு செய்துவிட்டார்கள். உண்மையில் இந்தக் கேள்விக்கு அவசரமாகப் பதில் தேவைப்படுவது அவருக்குத்தான்.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. 2024-ல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்குப்படி, இந்தியாவில் போதிய உடலுழைப்பு இல்லாத பெண்கள் சுமார் 57 சதவிகிதம். ஆண்கள் சுமார் 42 சதவிகிதம்.

எட்டு மாதம் நடந்த போட்டி

அப்பா சொல்வது சரியா, மகன் சொல்வது சரியா? அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இதை நேரடியாகச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2012-ல் வெளியானது. உடல் பருமன் கொண்ட, உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாதவர்களை மூன்று அணிகளாகப் பிரித்தார்கள். முதல் அணிக்கு மூச்சு வாங்கவைக்கும் கார்டியோ பயிற்சி. இரண்டாவது அணிக்கு எடைப் பயிற்சி. மூன்றாவது அணிக்கு இரண்டும். எட்டு மாதம் பயிற்சி செய்து முடித்த 119 பேரை அளந்து பார்த்தார்கள்.

கார்டியோ அணிக்கு சராசரியாக 1.8 கிலோ குறைந்தது. இரண்டும் செய்தவர்களுக்கு 1.6 கிலோ. எடை மட்டும் தூக்கியவர்களுக்கோ 0.8 கிலோ கூடியது!

‘பார்த்தியா, நான் சொன்னேன்ல’ என்று அப்பா மீசையை முறுக்கலாம். கொஞ்சம் பொறுக்க வேண்டும். கொழுப்பை மட்டும் தனியாக அளந்தபோது, அதிகம் இழந்தது இரண்டும் செய்த அணி: சுமார் 2.4 கிலோ. கார்டியோ அணி 1.7 கிலோ. எடை தூக்கிய அணிக்குக் கூடியது கொழுப்பு அல்ல, தசை. இரண்டும் செய்தவர்களுக்குத் தசை கூடிக் கொழுப்பு குறைந்ததால்தான், எடை மெஷினில் அவர்கள் சற்றுப் பின்தங்கியதுபோலத் தெரிந்தது. அதற்காக அவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் செலவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நேரமே இல்லாதவருக்கு, கொழுப்பைக் குறைப்பதில் நடைதான் முதல் துணை.

மகன் சொன்ன ‘தூங்கும்போதும் கரையும்’ கணக்கில் உண்மை உண்டு, மிகையும் உண்டு. ஒரு கிலோ தசை சும்மா இருக்கும்போது ஒரு நாளைக்கு எரிப்பது ஏறக்குறைய 13 கலோரி. கொழுப்பைவிட அதிகம்தான். ஆனால், அதை நம்பி ஒரு பிஸ்கட்கூட கூடுதலாகச் சாப்பிட முடியாது.

அப்பாவின் கணக்கிலும் ஓட்டை இருக்கிறது. 70 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் சுமார் 130 கலோரி செலவாகும். நடந்து முடித்த கையோடு டீக்கடையில் ஒரு வடையும் சர்க்கரை போட்ட டீயும் உள்ளே போனால் கணக்கு நேராகிவிடும். டியூக் ஆய்வில் எட்டு மாதத்துக்கு இரண்டு கிலோகூட இறங்காததன் காரணமும் இதுதான்: அவர்கள் சாப்பாட்டைக் குறைக்கவில்லை. எடை இறங்குவதில் பெரும்பங்கு சாப்பாட்டுத் தட்டுக்கு. இறங்கும் எடை எதிலிருந்து இறங்க வேண்டும் என்று தீர்மானிப்பதில்தான் பயிற்சியின் பங்கு.

எடை மெஷின் சொல்லாதது

புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும், லண்டன் மருத்துவர் யுட்கினும் 2004-ல் ‘லான்செட்’ இதழில் தங்கள் இருவரின் படத்தையே வெளியிட்டார்கள். உயரத்துக்கும் எடைக்குமான விகிதமான பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால், யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவிகிதம்; யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவிகிதம். மெஷினில் ஒன்றுபோல் தெரிந்தவர்கள், உள்ளே வேறு வேறு. ஒல்லியாகத் தெரியும் இந்தியர்களுக்கும் ஏன் சர்க்கரை வருகிறது என்பதை இந்த ஒரு படம் விளக்கிவிட்டது.

எதிர்ப்பக்கமும் உண்டு. வேலூரைச் சேர்ந்த பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம், 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். அதே உயரமும் அதே 77 கிலோவும் தொப்பையோடு இருக்கும் ஒருவருக்கும் மெஷின் ஒரே எண்ணைத்தான் காட்டும்.

அதனால் மெஷினைவிட இஞ்ச் டேப் நம்பகமானது. ஆசியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்கள் என்றால் 90 சென்டிமீட்டரையும், பெண்கள் என்றால் 80 சென்டிமீட்டரையும் தாண்டக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு.

அப்படியானால் அம்மாவுக்கு?

முப்பது வயதுக்குப் பிறகு, பயன்படுத்தாத தசை ஒவ்வொரு பத்து ஆண்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் பெண்களுக்கு எலும்பும் வலுவிழக்கிறது. இந்த நேரத்தில் ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டு, வெறுமனே பட்டினி கிடந்து எடையைக் குறைத்தால், கொழுப்போடு தசையும் சேர்ந்தே போகும். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையின் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது தசைதான். அது குறைந்தால் சர்க்கரை போக இடமில்லாமல் ரத்தத்திலேயே தங்கும். முட்டியைத் தாங்குவதும் தொடைத் தசையே.

ஆக, அம்மாவுக்கு இரண்டும் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலும் அதைத்தான் சொல்கிறது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, கூடவே இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி. தமிழ்நாட்டில் நடைக்கு நல்ல தொடக்கம் கிடைத்துவிட்டது. ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று 2023 நவம்பர் 4 அன்று 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகள் தொடங்கப்பட்டன. தசைக்கும் அதேபோல ஒரு பேச்சு கிளம்ப வேண்டும்.

‘பொம்பளைங்க வெயிட் தூக்கினா ஆம்பளை மாதிரி ஆயிடுவாங்க’ என்ற பயம் தேவையில்லை. பெண்களின் ஹார்மோன் அளவில் அப்படித் தசை புடைக்காது. நெல்லை மாவட்டம் வடலிவிளையில் பொங்கலுக்கு நடக்கும் இளவட்டக்கல் போட்டியில் பெண்களும் இறங்கிக் கல் தூக்குகிறார்கள். யாரும் அவர்களைக் குறை சொல்வதில்லை, கைதட்டுகிறார்கள்.

ஜிம் வேண்டாம், நாற்காலி போதும்

வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம் வேகநடை. பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். ஒரே மூச்சில் முடியாதவர்கள் மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம். சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரைக்கும் அது நல்லது.

வாரத்தில் இரண்டு நாள், இருபது நிமிடம் தசைக்கு. கையை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுப்பது. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி இறக்குவது. இரண்டு கையிலும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தலைக்கு மேல் தூக்குவது. ஒவ்வொரு பாட்டிலும் ஒரு கிலோ. ஒவ்வொன்றும் எட்டு முதல் பன்னிரண்டு முறை, இரண்டு சுற்று. சுலபமாகத் தோன்றத் தொடங்கினால் கொஞ்சம் எடையைக் கூட்ட வேண்டும். தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது. ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்களும், சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது அவசியம்.

தட்டில் ஒரு கரண்டி சோறு குறைந்து, அந்த இடத்தில் சுண்டலோ முட்டையோ மீனோ வந்தால் தசைக்குச் சாப்பாடு கிடைக்கும்.

முதல் மாதம் மெஷினில் முள் நகராமல் போகலாம். அதைப் பார்த்து விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். பார்க்க வேண்டியது வேறு: கோயில் படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா, தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடிகிறதா, பத்து கிலோ அரிசிப் பையை யாரையும் கூப்பிடாமல் வாசலிலிருந்து அடுப்படிக்குக் கொண்டுபோக முடிகிறதா? இவை சுலபமாகிக்கொண்டே வந்தால், இடுப்பில் டேப்பும் இறங்கிக்கொண்டுதான் இருக்கும்.