பொய்யாக்கில் பொய் இல்லை

பி.காம். படித்தவனிடம் ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையைக் கொடுத்துப் பாருங்கள். சேர்மன் உரையைத் தள்ளிவிட்டு நேரே ஆடிட்டர் கையெழுத்துக்குப் போவான். முன்னது அலங்காரம். பின்னதில் பொய் சொன்னால் சட்டம் கழுத்தைப் பிடிக்கும். பிரெஞ்சு ஒயின் லேபிளையும் அப்படித்தான் படிக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஆபீஸ் நண்பர் ஒருத்தர் வெளிநாடு போய்த் திரும்பும்போது மேனேஜருக்கென்று ஏர்போர்ட்டில் ஒரு பாட்டில் வாங்கினார். விலை, அவருடைய பத்து நாள் சம்பளம். "ஏன் சார் இதையே எடுத்தீங்க?" என்றேன். "தங்க எழுத்துல 'வியேய் வீஞ்'னு போட்டிருந்துதே!" என்றார்.

முதிய கொடிகள் என்று அர்த்தம். எத்தனை வயசானால் முதுமை? பிரெஞ்சு சட்டம் எண் எதுவும் சொல்லவில்லை. ஆக, இது சேர்மன் உரை.

ஆடிட்டர் கையெழுத்து பெரும்பாலும் சின்ன எழுத்தில் இருக்கும். 'அப்பெலாஸியோன்', 'கோன்த்ரோலே' என்ற ரெண்டு வார்த்தைக்கு நடுவே ஓர் ஊர்ப் பெயர். 1935-ல் வந்த ஏற்பாடு. அந்தப் பெயரைப் போட வேண்டுமானால் திராட்சை அந்த எல்லைக்குள் விளைந்திருக்க வேண்டும். என்ன ரகம், மகசூல் எவ்வளவு வரை என்பதற்கெல்லாம் விதி உண்டு. ஊரே ரகத்தைச் சொல்லிவிடுவதால் பல லேபிள்களில் திராட்சையின் பெயரே இருக்காது. 'ஷாப்லி' என்றால் ஷார்டனே திராட்சை என்று தெரிந்துகொள்வது நம் பாடு.

எல்லை சுருங்கச் சுருங்க, பொதுவாக விதியும் இறுகும். 'போர்தோ' பெரிய வட்டாரம். அதற்குள் ஒரு சிற்றூர் 'பொய்யாக்'. பெயர்தான் அப்படி. 1855-ல் போட்ட போர்தோ தரப் பட்டியலில், இன்றைக்கு முதல் வகுப்பில் இருக்கும் 5 சிவப்பு ஒயின் பண்ணைகளில் 3 இந்த ஊரில்தான். பட்டியலுக்கு அடிப்படை சந்தை விலை. காமர்ஸ்காரன் காதில் தேன்! அதில் மூத்தோன் ரோத்ஷீல்ட் பண்ணை இரண்டாம் வகுப்பிலிருந்து முதலுக்கு ஏறியது 1973-ல். புரமோஷனுக்கு 118 வருஷம்! இன்க்ரிமென்ட் தள்ளிப்போனதாகப் புலம்புகிறவர்கள் கவனிக்க.

ஷாம்பெயினில் வேறொரு வேடிக்கை. 'எக்ஸ்ட்ரா ட்ரை' என்றால் துளி இனிப்பும் இருக்காது என்று நினைப்போம். லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் சர்க்கரை. 'ப்ரூட்' என்று போட்டதில்தான் 12-க்கும் குறைவு.

அதனால் பாட்டிலை எடுத்ததும் தங்க எழுத்தை விரலால் மறைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தைப் படியுங்கள். ஊர், வருஷம், தயாரித்தவர் பெயர். காசு அதற்குத்தான்.

குடித்துவிட்டு ஸ்கூட்டரை எடுக்கக்கூடாது என்பது மட்டும் எந்த லேபிளுக்கும் பொது. அதற்கு பிரெஞ்சு தெரிய வேண்டியதில்லை.