மைக்கில் சொன்ன பழி

ஒரு பையனுடைய பிழைப்பில் மண்ணைப் போட்டவன் நான். தப்பு என்னுடையது, பழியை அவன் தலையில் கட்டினேன். அது நடந்து ஏழு வருஷம் ஆகிறது. என் குழுவில் இருப்பவர்களுக்குக்கூட இன்றுவரை முழு விஷயம் தெரியாது.

மதுரையில் மெல்லிசைக் குழுக்களுக்கு டிரம்ஸ் வாசிக்கிறவன் நான். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா என்று இருபது வருஷத்துக்கு மேலாக இதுதான் சோறு போடுகிறது. எங்கள் தொழிலில் முதல் சண்டையே இடத்துக்குத்தான். ரிசப்ஷன் மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரும் சோபாவும் பூ அலங்காரமும் பாதி இடத்தை எடுத்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் ஓரத்தில் எங்களுக்குப் பத்தடிக்கு எட்டடி கிடைத்தால் பெரிய விஷயம். அதற்குள் கீபோர்டு, கிட்டார், தபேலா, டோலக், பாடகர்கள் எல்லாரும் அடங்க வேண்டும். என் செட்டுக்கு மட்டுமே ஆறடிக்கு ஆறடி போய்விடும்: 22 அங்குல கிக், இரண்டு டாம், 16 அங்குல ஃப்ளோர் டாம், ஸ்நேர், ஹை-ஹாட், இரண்டு சிம்பல்.

"அண்ணே, இன்னைக்குப் பேடு மட்டும் போதும்ணே" என்று ஒவ்வொரு குழுவாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். ரோலண்ட் கம்பெனி 1985இல் ஆக்டாபேடைக் கொண்டுவந்தது. அதன் வழியில் வந்த பேடுகள் இன்று எங்கள் ஊர் மேடை எல்லாவற்றிலும் இருக்கின்றன. தபேலாவிலிருந்து தவில்வரை எல்லாச் சத்தமும் அதற்குள் இருக்கும். ஒரு பையில் போட்டு பைக்கில் எடுத்துக்கொண்டு போய்விடலாம். நான் ஐந்து பையோடு ஆட்டோ பிடித்துப் போகிறவன். என் கச்சேரிகள் குறையத் தொடங்கின.

அந்தச் சமயத்தில்தான் காக்டெயில் டிரம் செட் கண்ணில் பட்டது. 1940, 50களில் அமெரிக்காவில் சின்ன மதுக்கூடங்களில் வாசித்தவர்கள் கையில் புழங்கியது அது. இடுப்பு உயரத்தில் ஒற்றை டிரம். நின்றபடி வாசிக்க வேண்டும். மேல் தோலைக் குச்சியால் அடித்தால் ஃப்ளோர் டாம். கீழ்த் தோலைப் பெடல் தரையிலிருந்து மேல்நோக்கி அடிக்கும், அது கிக். ஸ்நேர், சின்ன டாம், சிம்பல் எல்லாம் அந்த ஒரே உடம்பில் கிளை கிளையாக மாட்டியிருக்கும். அந்தக் காலத்தில் கிரெட்ச், ஸ்லிங்கர்லேண்ட் கம்பெனிகள் செய்தன. பிற்காலத்தில் யமஹா, டிரம்மர் ஸ்டீவ் ஜோர்டனோடு சேர்ந்து ஒன்றைக் கொண்டுவந்தது. நாலடிச் சதுரம் கிடைத்தால் போதும், கச்சேரி செய்துவிடலாம்.

பார்த்த உடனே தவில்தான் ஞாபகம் வந்தது. ஒரே பலாக்கட்டைக்கு இரண்டு முகம். ஒரு பக்கம் வலந்தலை, மறுபக்கம் தொப்பி. அந்தத் தவிலை நிமிர்த்தி நிறுத்தி, தொப்பிக்குக் கீழே பெடல் வைத்த மாதிரி இருந்தது. நையாண்டி மேளத்தில் தவில்காரர் தோளில் வாரை மாட்டிக்கொண்டு விடிய விடிய நின்று வாசிப்பதைப் பார்த்து வளர்ந்தவன்தானே, எனக்கென்ன என்று நினைத்தேன்.

இடம் மிச்சமாகும் என்றுதான் குழுவில் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் எனக்குள் இருந்த ஆசை வேறு. இருபது வருஷமாகச் சிம்பலுக்குப் பின்னால் உட்கார்ந்தே வாசித்தவன் நான். கச்சேரி முடிந்ததும் பாடகரைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். நான் தனியாகப் பையில் டிரம்மை அடுக்கிக்கொண்டிருப்பேன். இந்தச் செட் இருந்தால் முன்வரிசையில் பாடகர் பக்கத்தில் நிற்கலாம், ஜனம் என் முகத்தைப் பார்க்கும். இந்த ஆசையில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

தொழிலை விட்டுப்போன ஒருவரிடமிருந்து பழைய செட்டை 38,000 ரூபாய்க்கு வாங்கினேன். வாங்கும்போது பார்க்க வேண்டியதைச் சரியாகத்தான் பார்த்தேன். டேப் வைத்து அளந்தேன்: குறுக்களவு 16 அங்குலம், உயரம் 24. இந்த உயரம் முக்கியம். மேல் தோல் தொப்புள் மட்டத்துக்கு வர வேண்டும். கீழ்த் தோல் பெடலின் தலை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். சாதாரண ஃப்ளோர் டாமுக்கு நீளக் கால் போட்டு நிறுத்தினால் கீழ்த் தோல் எட்டாத உயரத்துக்குப் போய்விடும். சிம்பல் கம்பி ஏதாவது ஒரு காலுக்கு நேர் மேலே இருக்கிறதா என்றும் பார்த்தேன். இரண்டு காலுக்கு நடுவில் மாட்டினால் ஓங்கி அடிக்கும்போது மொத்த டிரம்மும் சாயும்.

கீழ்த் தோலுக்கு கிக் டிரம்முக்கென்றே வரும் ரீமோ பவர்ஸ்ட்ரோக் 3 வாங்கிப் போட்டேன். சுருக்கம் மறையும்வரை மட்டும் திருகி, ஓரத்தில் கம்பளித் துண்டு ஒட்டினேன். கீழ்த் தோலை ஸட்ஜம் என்று வைத்துக்கொண்டு மேல் தோலைப் பஞ்சமத்துக்கு ஏற்றினேன். இரண்டு குரலும் தனித்தனியாகக் கேட்டன. வீட்டு வராந்தாவில் அடித்துப் பார்த்தபோது எனக்குப் பரம திருப்தி.

செய்யாமல் விட்டவை இரண்டு. நின்று வாசித்துப் பழகவில்லை. உட்கார்ந்து வாசிக்கும்போது உடம்பின் பாரத்தை ஸ்டூல் தாங்கும், இரண்டு காலும் வேலைக்கு இருக்கும். நின்றால் இடது கால்தான் தூண். வலது கால்தான் பெடல். ஹை-ஹாட் பெடலை மிதிக்க மூன்றாவது கால் வேண்டும். தட்டுகளை மூடிய நிலையில் இறுக்கிவிட்டு, அதற்கேற்ப வாசிப்பையே மாற்றிப் பழகியிருக்க வேண்டும். குறைந்தது ஒரு மாதம். நான் பழகியது மூன்று நாள்.

இன்னொன்று, மைக் வைத்துக் கேட்டுப் பார்க்கவில்லை. 16 அங்குலத் தோலுக்கு 22 அங்குலத்தின் அடிவயிற்றுச் சத்தம் தானாக வராது. பாதி வேலையை மைக்தான் செய்ய வேண்டும். வராந்தாவில் கேட்ட சத்தத்தை நம்பிப் போய்விட்டேன்.

2018 தை மாதம். ஒரு பெரிய மஹாலில் ரிசப்ஷன். சவுண்ட் சர்வீஸிலிருந்து மிக்ஸருக்கு வந்திருந்த தம்பிக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். டிரம்மைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தான். அடியில் ஒரு மைக் வைத்தான். நான் மேலேயும் ஒன்று வைக்கச் சொன்னேன்.

"ஒரு மைக் போதும்ணே. ஒரே டிரம்முக்கு மேலயும் கீழயும் வச்சா ரெண்டும் அடிச்சுக்கும்."

"எத்தனை வருஷமாடா மிக்ஸர் பாக்குற? சொன்னதை வை."

வைத்தான். சவுண்ட் செக் செய்ய நேரமிருந்தது. நான் செட்டோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையேறினார்கள். ஆறு எட்டில் குத்துப் பாட்டு. அந்தத் தாளத்துக்கு கிக்தான் உயிர். மிதித்தேன். பெட்டியிலிருந்து அட்டையைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. இன்னும் ஓங்கி மிதித்தேன். இடது கால் நடுங்கியது, தாளம் ஓடியது. ஆட வந்த பையன்கள் கொஞ்ச நேரம் ஆடிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மிக்ஸரில் அந்தத் தம்பி எதையோ இறக்கினான். மேல் டிரம் சத்தம் அடங்கியது. ஏற்று ஏற்று என்று கையைக் காட்டினேன். ஏற்றினான். மறுபடி அட்டை.

பாட்டு முடிந்ததும் பாடகர் கையிலிருந்த மைக்கை வாங்கினேன்.

"மிக்ஸர்ல யாருப்பா? காது கேக்குதா இல்லையா? தெரியலைன்னா எறங்கிடு."

நானூறு பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். எல்லாரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள். அவன் ஒன்றும் சொல்லவில்லை. சவுண்ட் சர்வீஸ்காரர் வந்து அவனை நகர்த்திவிட்டுத் தானே நின்றார். அன்றைய சம்பளம் எண்ணூறு ரூபாயை அவனுக்குக் கொடுக்கவில்லை என்று மறுநாள் கேள்விப்பட்டேன். அதன்பிறகு மிக்ஸரில் அவனை விடவில்லை. பெட்டி தூக்க வைத்தார்கள்.

மூன்றாம் நாள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். சின்ன மிக்ஸரில் இரண்டு மைக்கையும் சொருகிப் பெடலை மிதித்தேன். கீழ் மைக் மட்டும் இருந்தபோது 'தும்' என்று நெஞ்சில் இறங்கியது. மேல் மைக்கின் ஃபேடரை மெல்ல ஏற்றினேன். ஏற்ற ஏற்ற 'தும்' கரைந்து வெறும் 'டப்' ஆனது. இறக்கினேன், திரும்பி வந்தது. பத்துத் தடவை ஏற்றி இறக்கிப் பார்த்திருப்பேன்.

விஷயம் எளிது. பெடல் கீழ்த் தோலை மேல்நோக்கித் தள்ளும்போது, தோல் கீழ் மைக்கை விட்டு விலகுகிறது. உள்ளே இருக்கும் காற்று மேல் தோலையும் மேலே தள்ளுவதால் அது மேல் மைக்கை நோக்கி வருகிறது. ஒரு மைக் இழு என்கிறது. இன்னொன்று தள்ளு என்கிறது. இரண்டையும் சேர்த்தால் அடிச்சத்தம் ஒன்றையொன்று தின்றுவிடும். சில மிக்ஸர்களில் வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட ஒரு பட்டன் இருக்கும். ஒரு மைக்குக்கு அதை அழுத்தினால் ஃபேஸ் திரும்பிச் சரியாகும். இல்லையென்றால் ஒரு மைக்கை எடுத்துவிட வேண்டும். இதைத்தான் அந்தத் தம்பி 'அடிச்சுக்கும்' என்று ஒரே வார்த்தையில் சொன்னான்.

அன்றே போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். எண் இருந்தது. சொன்னால் சவுண்ட் சர்வீஸ்காரருக்கும் சொல்ல வேண்டும். எனக்குப் பாதிக் கச்சேரி அவர் மூலமாகத்தான் வந்தது. இருபது வருஷ டிரம்மருக்கு ஒரு மைக் வைக்கத் தெரியவில்லை என்ற பேச்சு வரும். வாயை மூடிக்கொண்டேன்.

அதைவிடக் கேவலமான ஒன்றும் செய்தேன். அடுத்த கச்சேரியில் சத்தம் போடாமல் ஒரே மைக் வைத்தேன். கிக் மஹாலை அதிர வைத்தது. கீபோர்டு வாசிப்பவர் இடைவேளையில் வந்து, "பாத்தீங்களாண்ணே, மிக்ஸர்ல ஆள் மாறினதும் சவுண்ட் எப்படி மாறிடுச்சு" என்றார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். திட்டியது கோபத்தில் நடந்தது என்று வைத்துக்கொண்டாலும், இந்தத் தலையாட்டலுக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. உண்மை தெரிந்த பிறகு, நிதானமாக, சிரித்துக்கொண்டு செய்தது அது.

ஆறு மாதத்தில் அவன் அந்த வேலையை விட்டுவிட்டான் என்று சொன்னார்கள். இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறான். போன மாதம் விசாரித்துக்கொண்டு ஆட்டோ நிற்கும் இடத்துக்கே போனேன். என்னைத் தெரிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "எனக்கு அன்னைக்கே தெரியும்ணே. அந்த மிக்ஸர்ல ஃபேஸ் பட்டன் கிடையாது. அதான் மேல் மைக்கை இறக்கினேன். நீங்க ஏத்தச் சொன்னீங்க" என்றான். எண்ணூறு ரூபாயையும் அதற்கு மேல் கொஞ்சமும் நீட்டினேன். எண்ணூறை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தந்தான்.

கிளம்பும்போது சொன்னான்: "தேடி வந்து சொன்னது நல்லதுண்ணே. ஆனா அன்னைக்கு நீங்க மைக்ல சொன்னீங்க."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. நானூறு பேர் முன்னால் போட்ட பழியை ஆட்டோ ஸ்டாண்டில் தனியாகக் கூப்பிட்டு எடுத்துவிட முடியாது. அந்த நானூறு பேரை நான் இனி ஒன்றுசேர்க்கவும் முடியாது. முதலில் குழுவைக் கூட்டி வைத்துச் சொல்லப்போகிறேன், பிறகு அந்தச் சவுண்ட் சர்வீஸ்காரரிடம். அதற்கு முன்னால் இங்கே எழுதி வைக்கிறேன்.

அந்த ரிசப்ஷனில் கிக் கேட்காமல் போனதற்குக் காரணம் நான். மிக்ஸரில் நின்ற தம்பி தன் வேலையைச் சரியாகச் செய்தான்.