வீட்டினுள் ஒரு பவளக் கடல்



சீபீல்டு தோட்டமாயிருந்து, 1976 முதல் நகராய் வளர்ந்த சுபாங் ஜெயாவில், நம் இல்லத்துக் கூடத்தில் உப்புநீர்த் தொட்டியொன்றைப் பேணி வருகிறோம். பவளங்களும் இரு கோமாளி மீன்களும் அதில் வாழ்கின்றன.

பவளம் கல்லன்று, உயிர். அதன் உடலினுள் வாழும் நுண்பாசியே ஒளியைக் கொண்டு அதற்குப் பெரும்பகுதி உணவை ஆக்கித் தருகிறது. வெப்பம் மிகுந்தால் பவளம் அப்பாசியை இழந்து வெளுக்கும். வெளுப்பு நீடித்தால் மடியும். ஏறத்தாழ 26 பாகை செல்சியஸ் அதற்கு இதமானது. நம் ஊர் நண்பகலோ 32 பாகையைத் தொடும். விளக்கின் சூடு வேறு! ஆதலால், தொட்டியைப் பெரிதாக்கும் முன்னர் நாம் வாங்கியது ஒரு சிறு மின்விசிறியே. காற்று வீச நீர் ஆவியாகும். ஆவி வெப்பத்தைக் கொண்டுசெல்லும். தோட்டத்து வீடுகளில் மண்பானை நீர் குளிர்ந்ததும் இவ்வாறே.

ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். எனவே குறைந்த அளவிற்கு நன்னீரையே ஊற்றுதல் வேண்டும். உப்புநீரை ஊற்றினால், லிட்டருக்கு 35 கிராம் என்னும் அளவு ஏறிவிடும். குழாய்நீரில் குளோரின் இருப்பதால் அதையும் அப்படியே ஊற்றலாகாது. (விருந்தினருக்கு இதைச் சொல்லிச் சொல்லி, நம் இல்லத்தரசியாரும் ஆசிரியராகிவிட்டார்!)

பெரிய தொட்டிக்கு மாறியபோது பழைய கற்களையும் உடன் கொணர்ந்தோம். மீன்கழிவிலுள்ள அம்மோனியா நஞ்சை மாற்றும் நுண்ணுயிர்கள் அவற்றிலேயே குடியிருக்கின்றன. அவை புதிதாய்ப் பெருகப் பல வாரங்கள் ஆகும்.

தொட்டிக்கு விசிறியுண்டு, கடலுக்கு ஏது? 2010இல் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தபோது, தியோமான், ரெடாங் தீவுகளில் முக்குளிக்கும் இடங்கள் சில மூடப்பட்டன. நம் தொட்டியிலுள்ளவை கடலில் ஒடித்தவையல்ல. பிற வளர்ப்போர் நறுக்கித் தந்த துண்டுகளிலிருந்து வளர்ந்தவை.

சனிக்கிழமை மாலைகளில் பெற்றோருடன் வந்து காணலாம். கையை மட்டும் நீரில் விடவேண்டா!