இரண்டு வரிக் கடிதம் போதவில்லை

எங்கள் மகளுக்குப் பதினோரு வயதிலிருந்து வலிப்பு உண்டு. சபையில் சிலருக்குத் தெரியும், பலருக்குத் தெரியாது. போன வருஷம் அவள் கல்லூரிக்குப் போனாள். அதற்காக நாங்கள் சேர்த்த காகிதங்களைப் பற்றி எழுதச் சொல்லி வாலிபர் ஐக்கியத்தில் கேட்டார்கள். அவளிடம் கேட்டோம். "எழுதுங்க, பேர் போடாதீங்க. எப்படியும் எல்லாருக்கும் தெரிஞ்சிரும்" என்று சிரித்தாள். அந்த அனுமதியோடு எழுதுகிறோம்.

இங்கே அமெரிக்காவில், பள்ளிக்கூடம் முடியும்வரை பிள்ளையின் தேவையைக் கண்டுபிடிக்கிற பொறுப்பு பள்ளிக்கு இருக்கிறது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 504ஆம் பிரிவின்கீழ் அவளுக்கும் ஒரு திட்டம் எழுதி வைத்திருந்தார்கள். அது பட்டமளிப்பு நாளோடு முடிந்துவிடும். கல்லூரிக்குத் தானாகப் போய்ச் சேராது. அங்கே யாரும் தேடி வந்து கேட்க மாட்டார்கள். மாணவரே போய், எனக்கு இந்தக் குறைபாடு இருக்கிறது, இன்ன ஏற்பாடு வேண்டும் என்று கேட்க வேண்டும். அப்பா போன் செய்தால் நடக்காதா என்றால், நடக்காது. செய்து பார்த்தோம். அலுவலகத்தில் பேசிய அம்மா மிகவும் மரியாதையாக, "அவரே பேசட்டும்" என்றார். கல்லூரியில் சேர்ந்துவிட்டால் கல்விப் பதிவுகள் மீதான உரிமை பிள்ளையுடையது. 1974ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் அப்படித்தான். பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குப் பல் டாக்டரிடம் நேரம் வாங்கிக் கொடுக்கிற நம் வீடுகளுக்கு இது கொஞ்சம் புதிது.

நாசரேத்தில் இருக்கிற ஆச்சிக்கு வேறு கவலை. "டிசெபிலிட்டின்னு எதுக்கும்மா எழுதிக் குடுக்கணும்? மாத்திரையிலதான் அடங்கியிருக்கே. நாளைக்கு ஒரு நல்ல காரியம்னு வரும்போது யாராவது எடுத்துக் காட்டினா?" ஆச்சி மட்டுமல்ல, இங்கேயும் சிலர் இதையே வேறு வார்த்தைகளில் கேட்டார்கள். முதல் கேள்விக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை 2008இல் திருத்தினார்கள். வந்து வந்து போகிற நோயென்றால், அது வரும் நேரத்தில் ஆளை எவ்வளவு முடக்குகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்; மாத்திரையால் அடங்கியிருப்பதைக் காரணம் காட்டித் தள்ளக் கூடாது என்று அதில் இருக்கிறது. இரண்டாவது கவலைக்கு நாங்கள் விசாரித்துத் தெரிந்துகொண்டது: டாக்டரின் கடிதம் அந்த அலுவலகத்தோடு நின்றுவிடும். பேராசிரியருக்குப் போகிற தாளில், தேர்வுக்கு இவ்வளவு கூடுதல் நேரம் என்று இருக்கும், நோயின் பெயர் இருக்காது. மதிப்பெண் பட்டியலில் ஒரு குறியும் வராது. ஆச்சி பாதி சமாதானம் ஆனார்.

டாக்டரின் முதல் கடிதம் இரண்டே வரி. இவருக்கு வலிப்பு நோய் இருக்கிறது, என் சிகிச்சையில் இருக்கிறார், வேண்டிய உதவி செய்யவும். கல்லூரி, இது போதாது என்றது. நோயின் பெயர் அவர்களுக்கு ஆரம்பம்தான். எப்போதிலிருந்து, எத்தனை தடவை, வந்த பிறகு என்ன ஆகிறது, மருந்து என்ன செய்கிறது, அதனால் படிப்பிலும் தங்குவதிலும் எது முடியாமல் போகிறது, கேட்கிற ஒவ்வொரு ஏற்பாடும் அதில் எதற்காக என்று வரிக்கு வரி சொல்ல வேண்டும். டாக்டருக்கு நேரமில்லை. "நீங்களே குறித்துக் கொண்டுவாருங்கள், நான் பார்த்து எழுதுகிறேன்" என்றார்.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அவளே எழுதினாள். வலிப்பு வந்தால் அன்று முழுவதும் தலைவலி, தூக்கம். முந்தின இரவு படித்தது ஞாபகம் இருக்காது. மருந்தால் தெரிந்த வார்த்தை நாக்கு நுனியில் நின்றுவிடும், கட்டுரைத் தேர்வில் நேரம் போதாது. இதுவரை எங்களுக்குத் தெரியும். அடுத்த வரி: வகுப்பில் சில விநாடிகள் ஒன்றும் கேட்காமல் போய்விடுகிறது, மாதத்தில் மூன்று நான்கு முறை, இரண்டு வருஷமாக. இதை அவள் எங்களிடம் சொன்னதே இல்லை. ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "நல்லாயிட்டேன்னு எல்லாரும் சந்தோஷமா இருந்தீங்க" என்றாள். அதன்பின் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்த ஒரு வரிக்காகவே டாக்டர் மருந்தின் அளவை மாற்றினார்.

சபையில் சாட்சி சொல்லும்போது கர்த்தர் விடுவித்ததைச் சொல்லிப் பழகியிருக்கிறோம். இந்தக் கடிதம் நேர்மாறானது. மிக மோசமான நாளை எழுதச் சொல்கிறது. இப்படி எழுதுவது அவிசுவாசம் ஆகாதா என்று ஒரு சகோதரர் அன்போடு கேட்டார். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. சுகத்துக்காக ஜெபிக்கிற வீட்டில்தான் மாத்திரை டப்பாவும் இருக்கிறது.

விடுதி விஷயத்தில் வீட்டுக்குள்ளேயே வாக்குவாதம். ஏணி வைத்து ஏறுகிற உயரமான கட்டில் வேண்டாம் என்பதில் எல்லாருக்கும் ஒரே எண்ணம். தூக்கம் கெட்டால் வலிப்பு வரும், அதனால் தனி அறை வேண்டும் என்றாள் மகள். தனி அறையில் ராத்திரி வந்தால் யார் பார்ப்பார்கள் என்றோம் நாங்கள். இரண்டுமே நியாயம். கடைசியில் நான்கு பேர் சேர்ந்து தங்கும் வீடு, அதில் அவளுக்குத் தனிப் படுக்கையறை, தாழ்வான கட்டில் என்று டாக்டர் காரணத்தோடு எழுதினார். கிடைத்தது. தேர்வுக்கு ஒன்றரை மடங்கு நேரமும், வலிப்பு வந்த நாளின் தேர்வை வேறு நாளில் எழுதும் அனுமதியும் கிடைத்தன. வகுப்புக் குறிப்புகளுக்கு வேறொரு மாணவரின் உதவி கேட்டிருந்தோம், அது மட்டும் கிடைக்கவில்லை. பாடத்தைப் பதிவு செய்துகொள்ளச் சொன்னார்கள்.

இன்னும் சில. அறைக்கான விண்ணப்பம் பல கல்லூரிகளில் தனி, கடைசித் தேதியும் முந்தி வரும். சேரும் கல்லூரி முடிவானதுமே பாருங்கள். டாக்டர் சித்தப்பா எழுதிய கடிதம் பொதுவாகச் செல்லாது, வைத்தியம் பார்க்கிறவரே எழுத வேண்டும். கற்றல் குறைபாடு போன்றவற்றுக்குப் புதிய பரிசோதனை கேட்டால் அந்தச் செலவு நம்முடையது, ஆகவே பள்ளியில் இருக்கும்போதே அவர்களைக் கேளுங்கள். எழுதிவிட்ட தேர்வுக்குப் பின்னால் போய்ச் சலுகை கேட்டால் பொதுவாகக் கொடுக்க மாட்டார்கள்.

கூடத் தங்கியிருக்கும் மூன்று பெண்களுக்கும் அவளே சொல்லிக் கொடுத்தாள்: ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், ஐந்து நிமிடம் தாண்டினால் 911. கையில் இரும்புச் சாவி வைக்கிற ஊர் வழக்கத்தையும் சொன்னாளாம். ஒவ்வொரு செமஸ்டரும் பேராசிரியர்களுக்குத் தாளை மறுபடி அனுப்ப வேண்டும். ஜனவரியில் அனுப்பிவிட்டாயா என்று கேட்டோம். "அதெல்லாம் டிசம்பர்லயே போயிருச்சு" என்றாள்.