விளக்கு எரிகிறது என்றேன்

வண்டியின் டேஷ்போர்டில் எண்ணெய்க் கிண்டி போல ஒரு சின்னச் சிவப்புப் படம் இருக்கும். சாவியைத் திருப்பியதும் எரியும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது எரிந்தால் வண்டியை உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைக்க வேண்டும். டீசல் தீர்ந்தால் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். ஆயில் அழுத்தம் இல்லாமல் ஓடினால் சில நிமிடங்களில் கிராங்கும் பேரிங்கும் ஒன்றையொன்று தின்றுவிடும்.

என்னுடையது பூ ஏற்றும் சிறிய டீசல் வேன். நிலக்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு விடிவதற்குள் மல்லிகை போய்ச் சேர வேண்டும். வெயில் ஏறினால் மொட்டு விரிந்துவிடும், விலை விழுந்துவிடும். புகை கக்க ஆரம்பித்த இன்ஜினை, நகையை அடகு வைத்து, முழு வேலைக்குக் கொடுத்தேன். போர் போட்டது, பிஸ்டன், ரிங், கிராங்க் கிரைண்டிங், புது பேரிங், புது ஆயில் பம்ப் என்று பில் 78,000 ரூபாய்.

நான்காம் நாள் விளக்கு மினுக்கியது. காலையில் கிளம்பும்போது இல்லை. நாற்பது கிலோமீட்டர் ஓடி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, சிக்னலில் நிற்கும்போது மட்டும் எரிந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அணைந்தது.

பட்டறையில் சொன்னேன். "சுவிட்ச் கோளாறும்மா" என்றார் முதலாளி. சுவிட்சை மாற்றினார். மறுநாளும் எரிந்தது. "புது இன்ஜின்ல அப்படித்தான் இருக்கும், செட் ஆகட்டும்" என்றார். மூன்றாம் முறை போனபோது, "கெட்டி ஆயிலா ஊத்தித் தரேன், விளக்கு அணைஞ்சிரும். இல்லேன்னா வீட்ல ஆம்பளை யாராச்சும் இருந்தா வரச் சொல்லுங்க, பேசிக்கலாம்" என்றார். விளக்கை அணைப்பதைப் பற்றித்தான் பேச்சு. அது ஏன் எரிகிறது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. வலிக்கிறது என்று சொல்லும் பெண்ணிடம் "மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க" என்று சொல்லி மாத்திரை எழுதும் குரலை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். அதே குரல்தான்.

என் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்துத் தேறியவள். துணிக்கடையில் பில் போடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை தன் பழைய வாத்தியாரிடம் ஒரு பிரஷர் கேஜ் கடன் வாங்கிக்கொண்டு வந்தாள். "விளக்கையும் நம்ப வேணாம், அவரையும் நம்ப வேணாம்க்கா. அளந்து பாப்போம்" என்றாள்.

முதலில் ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தாள். அளவு சரி. வண்டிப் புத்தகத்தில் போட்டிருந்த 15டபிள்யூ-40தான் ஊற்றியிருந்தது. பிளாக்கிலிருந்து சுவிட்சைக் கழற்றி அந்த ஓட்டையில் கேஜின் குழாயைப் பூட்டினாள். குளிர்ந்த இன்ஜினில், ஐட்லிங்கில், 3.5 கிலோ. அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்தபோது அதே ஐட்லிங்கில் 0.4. இரண்டாயிரம் சுற்றில் 1.2. ஆயிரம் சுற்றுக்குச் சுமார் 0.7 கிலோவாவது இருக்க வேண்டும் என்பது மெக்கானிக்குகளின் கைக்கணக்கு. ஆகவே விளக்கு பொய் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அவள் விளக்கிச் சொன்னது இது. பம்ப் ஆயிலைத் தள்ளத்தான் செய்யும். தள்ளிய ஆயில் பேரிங்குகளின் குறுகிய இடைவெளியில் முட்டி நிற்பதால்தான் அழுத்தம் வருகிறது. அந்த மெல்லிய ஆயில் படலத்தின் மேல்தான் கிராங்க் மிதக்கிறது. ரிலீஃப் வால்வ் திறந்தபடி மாட்டிக்கொண்டிருந்தால் குளிரிலும் சூட்டிலும் அழுத்தம் குறைவாகவே இருக்கும். உறிஞ்சும் குழாயின் இணைப்பில் காற்று இழுத்தால் முள் ஆடும், ஆயில் நுரைக்கும். குளிரில் நன்றாக இருந்து சூட்டில் விழுந்தால், சூட்டில் நீர்த்துப்போன ஆயில் எங்கோ அகலமான இடைவெளி வழியாகத் தப்பிக்கிறது என்று அர்த்தம். ஒன்று பேரிங், இல்லையென்றால் பம்ப். கெட்டி ஆயில் ஊற்றினால் முள் ஏறும். தேய்மானம் அப்படியேதான் இருக்கும்.

கையில் கிரீஸோடு அவள் இதைச் சொன்னபோது எனக்கு ஒரு சட்டம் நினைவுக்கு வந்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22-ஆம் பிரிவு. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைப் பார்வையிட்டு எண்ணெயிடுவதை, தனிப்பயிற்சி பெற்ற, உடலோடு ஒட்டிய உடை அணிந்த, வயதுவந்த ஆண் தொழிலாளிதான் செய்ய வேண்டும் என்று அது எழுதியது. அந்த உடையை முதலாளி கொடுக்க வேண்டும். மூல இயந்திரம் ஓடும்போது அதைத் துடைக்கவோ, எண்ணெயிடவோ, சரிசெய்யவோ பெண்களையும் இளையோரையும் அனுமதிக்கக் கூடாது என்றும் எழுதியது. காரணம் பாதுகாப்பு. புடவைத் தலைப்பு சிக்கினால் உயிர் போகும் என்பது உண்மைதான். ஆனால் அதே ஆபத்துக்கு ஆணுக்குக் கிடைத்தது பயிற்சியும் உடையும். பெண்ணுக்குக் கிடைத்தது தடை. தெருவோரப் பட்டறைக்காரர் இந்தச் சட்டத்தைப் படித்திருக்க மாட்டார். படிக்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

அடுத்த ஞாயிறு, வாத்தியாரின் ஷெட்டில் வண்டியை ஏற்றி ஆயில் சம்ப்பைக் கழற்றினோம். ஸ்ட்ரெய்னர் சுத்தம். ரிலீஃப் வால்வின் பிஸ்டன் தடையில்லாமல் நகர்ந்தது. ஒரு மெயின் பேரிங்கின் மூடியைத் திறந்து, மெல்லிய பிளாஸ்டிக் இழை ஒன்றை வைத்து மறுபடி முறுக்கி, நசுங்கிய அகலத்தை அட்டையோடு ஒப்பிட்டாள். 0.06 மில்லிமீட்டர். பேரிங் வேலை சுத்தம். பிறகு பம்பைப் பிரித்தாள். பல்சக்கரங்களின் முகத்திலும் மூடியிலும் விரல் நகம் மாட்டும் அளவுக்குக் கீறல்கள். நேர்ப்பட்டையை வைத்து ஃபீலர் கேஜை நுழைத்தாள். 0.25 நுழைந்தது. 0.1 தாண்டக் கூடாது என்றாள். பில்லில் "புது ஆயில் பம்ப்" என்று இருந்தது. உள்ளே இருந்தது என் பழைய பம்ப்.

கழற்றிய பம்பையும் பில்லையும் கேஜில் எடுத்த அளவுகளை எழுதிய தாளையும் கொண்டுபோய் முதலாளியின் மேசையில் வைத்தோம். அவர் அதிகம் பேசவில்லை. "பையன் மாத்தாம விட்டுட்டான் போல" என்றார். பம்புக்கு வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தார். நான் சந்தைக்குப் போகாத நாட்களின் கூலியைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் வாங்க முடியவில்லை. புது பம்ப் போட்டபின் சூடான ஐட்லிங்கில் முள் 1.5-இல் நிற்கிறது.

வண்டி வைத்திருக்கும் பெண்களுக்கு நான் இப்போது மூன்று விஷயம் சொல்கிறேன். மாற்றிய பழைய பாகங்களைக் கையோடு கேட்டு வாங்குங்கள். இன்ஜின் வேலை முடிந்ததும், காசு கொடுக்கும் முன், சூடான இன்ஜினில் கேஜ் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். விளக்கு எப்போது எரிகிறது, எப்போது அணைகிறது என்று தேதியோடு எழுதி வையுங்கள்.

அவளுக்காக இரண்டு பட்டறைகளில் வேலை கேட்டேன். ஒருவர் பாத்ரூம் இல்லை என்றார். இன்னொருவர், "பொம்பளப் புள்ளைய வச்சா பசங்க வேலை பாக்க மாட்டாங்க" என்றார். அவள் இன்னும் துணிக்கடையில்தான் பில் போடுகிறாள்.