ஒண்டுக் குடித்தனமும் ஒரு முற்றமும்



திருவல்லிக்கேணி வீட்டை இடித்துவிட்டு ஃப்ளாட் கட்டுகிறோமாமே என்று போன வாரம் மூன்று பேர் போனில் கேட்டுவிட்டீர்கள். இடிக்கவில்லை. ஆளாளுக்குத் தனியாகச் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும், மணி அடித்த பிறகும் வகுப்பை விடாதவள்தானே நான்.

வீடு 20 அடி அகலம், 80 அடி நீளம். இரு பக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டிய சுவர். பக்கவாட்டில் ஒரு ஜன்னல் கிடையாது. வெளிச்சமும் காற்றும் நடு முற்றத்தின் வழியாகத்தான். என் சின்ன வயதில் அங்கே எங்களையும் சேர்த்து ஐந்து குடித்தனம், இருபத்தாறு பேர். ஒரு கிணறு, இரண்டு கக்கூஸ். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. விடியற்காலையில் வாளியோடு வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

வந்த பில்டர் பக்கத்து வீட்டையும் சேர்த்துக்கொண்டு, கீழே கார் நிறுத்தம், மேலே எட்டு ஃப்ளாட் என்றார். எங்கள் மூவருக்கும் ஆளுக்கொன்று. முற்றம்? "டக்ட் விட்டுடலாம் மேடம்." அண்ணனுக்குப் பிடித்திருந்தது. எனக்குப் பின்கட்டில் முப்பது வருடமாகக் குடியிருக்கும் பூக்காரம்மாதான் கண்ணில் நின்றார். கோயில் வாசலில் கடை. அவர் தரும் வாடகைக்கு, நடந்துபோகும் தூரத்தில் வேறு இடம் கிடைக்காது. பில்டரின் வரைபடத்தில் அவருக்கு அறை இல்லை.

கட்டடக்கலை படித்த என் பழைய மாணவி ஒருத்தி வந்து நாள் முழுக்க அளந்தாள். முன்கட்டு அப்படியே இருக்கட்டும், உளுத்துப்போன பின்கட்டை மட்டும் எடுத்துவிட்டுக் கீழும் மேலுமாக இரண்டு சின்ன வீடு கட்டலாம் என்றாள். முன்கட்டு மாடியையும் சேர்த்தால் நான்கு வீடு. ஒவ்வொன்றும் 350 சதுர அடிக்குள். ஒவ்வொன்றுக்கும் தனிக் குளியலறை, கக்கூஸ். முற்றமும் கிணறும் பொது. கார் நிறுத்த இடமில்லை. பேரனுக்கு அது ஒன்றுதான் குறை.

முன்கட்டுக் கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கல்லை நிற்கவைத்துச் சுண்ணாம்புச் சாந்தில் பூசியது. சுவரும் சுண்ணாம்புதான். எப்போதோ யாரோ சிமென்டால் ஒட்டுப்போட்ட இடங்களில் மட்டும் ஓதம் உள்ளேயே நின்று பூச்சு உதிர்ந்திருக்கிறது. அதைச் சுரண்டிவிட்டு மறுபடி சுண்ணாம்பே பூசுகிறோம்; கடுக்காய் ஊறும் வாசனை தெருவரைக்கும் வருகிறது. பின்கட்டுச் சுவருக்கு லாரி பேக்கர் கேரளத்தில் நிறையக் கட்டிக்காட்டிய எலிப்பொறிக் கட்டு: செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விடுவது. ஏறக்குறைய கால் பங்கு செங்கல் மிச்சம், வெயிலின் சூடும் உள்ளே குறைவாக இறங்கும். மேஸ்திரி முதலில், "இன்னா டீச்சரம்மா, கோழிக்கூண்டு கட்டச் சொல்றீங்களா?" என்றார். இப்போது அவரே மற்றவர்களுக்குக் காட்டுகிறார்.

கணக்கு இல்லாமல் என் பதிவா? சென்னையில் வருடத்துக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை. 1,000 சதுர அடிக் கூரை என்றால் 93 சதுர மீட்டர். பெருக்கிப் பாருங்கள்: 1,30,000 லிட்டர். வீணாவது போக ஒரு லட்சமாவது கிணற்றில் இறங்கும். 12,000 லிட்டர் லாரி எட்டுக்கு மேல். மழைநீர் சேகரிப்பு 2003-இலேயே கட்டாயமானது. 2019 கோடையில் குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடியதும் நாம்தான்.

அண்ணன் தன் பங்கைப் பணமாகக் கேட்டார். நானும் தங்கையும் வாங்கிக்கொண்டோம். என் பணிக்கொடை அதில் போய்விட்டது, இன்னும் ஒரு தவணை பாக்கி. முதலீடாகப் பார்த்தால் நஷ்டம்தான், கணக்கு டீச்சரே சொல்கிறேன். அண்ணனும் இதைப் படிப்பார். படிக்கட்டும், திண்ணையில் அவருக்கு எப்போதும் இடமுண்டு.

பின்கட்டு முடியும்வரை பூக்காரம்மா எங்கள் கூடத்தில்தான். காலை நாலு மணிக்கே பூக்கூடை வந்துவிடுகிறது, என் தூக்கம் போச்சு.

இப்போது ஓர் உதவி வேண்டும். கூடத்துத் தேக்குக் கட்டைகளில் இரண்டைக் கரையான் அரித்துவிட்டது. பழைய வீடு இடிக்கிற இடத்தில் 11 அடி நீளக் கட்டை நல்ல நிலையில் கிடைத்தால் போன் செய்யுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் மாற்றியாக வேண்டும்.