முட்டைக்கோஸ் ஊரில் ஒரு பள்ளிக்கூடம்

தென்கொரியாவின் தென்கோடியில் இருக்கும் ஹேநாம், முட்டைக்கோஸுக்குப் பேர்போன வட்டாரம். அங்கே ஒரு கிராமப் பள்ளியில் ஆகஸ்ட் முதல் என் மகள் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள். ‘பேச ஆளில்லை, குளிர் தாங்கலைப்பா’ என்று போனில் தினமும் அழுதாள். கூட்டி வந்துவிடலாம் என்றுதான் நவம்பரில் போனேன்.

போன நேரம் கிம்ஜாங். குளிர்காலத்துக்குத் தேவையான கிம்ச்சியை அக்கம்பக்கத்தார் கூடிப் போடுகிற வேலை. 2013-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்த வழக்கம். முட்டைக்கோஸைப் பிளந்து, இரவு முழுக்க உப்பில் ஊறவைத்து, அலசி, இலை இலையாக மிளகாய் விழுதைத் தடவ வேண்டும். பக்கத்து வீட்டுப் பாட்டி எங்களுக்கும் கையுறை கொடுத்து உட்காரவைத்தார். மகள் ‘அப்பா’ என்று கூப்பிட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். கொரிய மொழியிலும் அப்பா, அப்பாதான். அதன்பிறகு அவள் அழவில்லை.

பள்ளியில் பிள்ளைகள் பதினொரு பேர்தான். வயலில் நிற்பவர்கள் பெரும்பாலும் எழுபதைத் தொட்டவர்கள். எந்திரம் இருக்கிறது, ஓட்ட இளவட்டம் இல்லை.

“நான் சொல்லிக்கொடுக்கிற இங்கிலீஷை வெச்சு இந்தப் பிள்ளைங்களும் சியோலுக்குப் போயிடுவாங்களாப்பா?” என்று கிளம்பும் நாளில் கேட்டாள்.

முப்பது வருஷமாக ‘விவசாயத்தை விடாதீங்க’ என்று ஊர் ஊராகப் பேசியவன் நான். என் மகளைப் படிக்கவைத்து வெளியே அனுப்பியவனும் நான்தான். பதில் வரவில்லை. தனியாகத்தான் திரும்பினேன்.